மூன்று மில்லிமீட்டர்

ஆறு வாரத்துக்கு ஒருமுறை
வார்சாவில் ரயில் ஏறி வூச் நகருக்குப் போகிறேன்.
ஓடம் என்று பொருள் அந்த ஊர்ப் பெயருக்கு.
ஆறுகளை எப்போதோ தெருவுக்கு அடியில் புதைத்துவிட்டார்கள்.

என் வேலை நோயைப் பார்ப்பதல்ல,
நோயைப் பற்றி எழுதியதைப் பார்ப்பது.
மூன்றாம் மாடி. ஹீட்டர் கொதிக்கும் சிற்றறை.
பச்சைக் கோப்புகள். நர்ஸ் போக்னா கொண்டுவந்து வைக்கும்
எலுமிச்சை மிதக்கும் தேநீர்.
வீங்கிய மூட்டு எத்தனை, தொட்டால் நோகும் மூட்டு எத்தனை,
விடியலில் விரல் மடங்க எத்தனை நிமிடம்,
அட்டையில் மிஞ்சிய மாத்திரை எத்தனை.
மருந்தா வெறும் மாவா என்பது
கொடுப்பவளுக்கும் தெரியாது, விழுங்குபவருக்கும் தெரியாது,
எனக்கும்.

இருநூற்றுப் பத்தொன்பதாம் எண்.
பெண். வயது ஐம்பத்து மூன்று. டிராம் ஓட்டுநர்.
பெயரை நான் படிக்கலாம், குறித்துக்கொள்ளக் கூடாது.
படித்தேன்.

வலிக்கு ஒரு கோடு உண்டு.
இடது முனையில் வலியே இல்லை,
வலது முனையில் தாங்க முடியாத வலி.
நடுவில் எங்காவது பேனாவால் ஒரு கீறல் போடச் சொல்வார்கள்.
பிறகு போக்னா ஸ்கேல் வைத்து அளப்பாள்.
கோடு நூறு மில்லிமீட்டர் நீளம்.
ஆய்வின் விதிநூலில் அப்படித்தான் இருக்கிறது.

பன்னிரண்டாம் வாரம் அவள் போட்ட கீறல்
நூற்று இரண்டில் நின்றது.

கணினி ஏற்கவில்லை. சிவப்பில் கேட்டது:
வரம்பு மீறிய மதிப்பு, விளக்கம் தரவும்.
"ரெண்டு தடவை அளந்தேன்," என்றாள் போக்னா,
திருடிப் பிடிபட்டவள் போல.
நானும் அளந்தேன். நூற்று இரண்டுதான்.
அதற்கு அப்புறம்தான்
கோட்டையே அளக்கத் தோன்றியது.
நூற்று மூன்று.

நகலின் நகலின் நகலில்
ஜெராக்ஸ் இயந்திரம் வலியை இழுத்து நீட்டியிருந்தது.
அந்த ஓரம் வரை ஒருவரும் போனதில்லை,
அதனால் அங்கே இன்னும் கொஞ்சம் தரை இருப்பது
ஒருவருக்கும் தெரிந்திருக்கவில்லை.

விகிதம் போட்டு தொண்ணூற்று ஒன்பது என்று திருத்தினோம்.
தேதி, கையொப்பம். காரணம்: நகல் பிழை.
சிவப்பு அணைந்தது.

அதே தாளின் ஓரத்தில், பென்சிலில்,
எழுத்துகள் ஒன்றின் மேல் ஒன்று சரிந்து:
கால்களைப் பற்றி யாரும் கேட்கவில்லையே.

கேட்கவில்லை.
இருபத்தெட்டு மூட்டுகளை எண்ணுகிறோம்.
தோள், முழங்கை, மணிக்கட்டு, விரல்கணுக்கள், முழங்கால்.
அதோடு உடம்பு முடிந்துவிடுகிறது.
எட்டு மணி நேரம் பிரேக் மிதியை அவள் எதைக் கொண்டு மிதிக்கிறாள்
என்பதற்குக் கட்டம் இல்லை.
பார்த்தேன் என்பதற்கு அடையாளமாக
பென்சில் வரியின் பக்கத்தில் என் இரண்டு எழுத்தைப் போட்டேன்.

இருபத்து நான்காம் வாரம்: அறுபத்தொன்று.
புதிய தாள், சரியான கோடு.
மருந்தாக இருக்கலாம்.
குளிர் விட்டதாக இருக்கலாம்.
ஒருத்தி தவறாமல் கையை மடியில் வாங்கி
ஒவ்வொரு கணுவாக அழுத்தி
"இங்கே? இங்கே?" என்று கேட்டதாகவும் இருக்கலாம்.
உறை இன்னும் பிரிக்கப்படவில்லை.

நாலே முக்காலுக்குக் கிளம்பினேன்.
நடைவழியில் ஒரு பெண் கோட்டு மாட்டிக்கொண்டிருந்தாள்,
கீழிருந்து மேலாக, இரண்டு கட்டைவிரலாலும் தள்ளி.
அவளா என்று தெரியாது.
போய் உதவியிருக்கலாம்.
விதி எதுவும் தடுக்கவில்லை.
நின்றேன்.
பழக்கதோஷம், கடிகாரத்தைப் பார்த்தேன்:
நான்காவது பொத்தானுக்கு மட்டும் ஒன்றரை நிமிடம்.
கழுத்துப் பொத்தானை விட்டுவிட்டாள்.
சால்வையைச் சுற்றி மறைத்துக்கொண்டு
லிஃப்டை முழங்கையால் அழுத்தினாள்.

என் ரயில் போய்விட்டிருந்தது.
நடைமேடை பெஞ்சில் டிக்கெட்டைத் தேடப் பைக்குள் கைவிட்டபோது
ஸ்கேல் அகப்பட்டது.
இத்தனை வருடம் பிடித்த ஸ்கேல்.
நூறுக்கு அந்தப் பக்கமும் அதில் எண்கள் இருந்தன,
முன்னூறு வரை.